முதலில் யாரைக் கேட்கும்?

"இன்னா சார், நேத்து ராத்திரி போன்ல சொன்னா இன்னிக்குக் காலைல மாடு ரெக்கை கட்டிக்கினு வருமா?"

அத்திவளவு என்கிற மலை ஊரின் புளியமரத்தடியில், அத்தனை பேர் முன்னிலையில், செவ்வந்தி என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் கையில் ஊசியோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்றைக்கு வரவில்லை. அவள் கேட்டதில் தப்பே இல்லை.

என் பெயர் கண்ணாயிரம். கால்நடை ஆய்வாளர் என்பது அரசாங்கம் வைத்த பெயர். வடக்கனந்தலில் தொடங்கி கல்வராயன் மலை முழுக்க ஊசிக்காரர் என்று கேட்டால்தான் யாருக்கும் என்னைத் தெரியும். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் மாடு உதைத்திருக்கிறது, எருமை மிதித்திருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் என்னை நடுத்தெருவில் நிற்க வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அன்று கோமாரி தடுப்பூசி முகாம். கோமாரி வந்தால் மாட்டுக்கு வாயெல்லாம், குளம்பெல்லாம் புண். தின்னவும் முடியாது, நடக்கவும் முடியாது. மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து வெள்ளிமலை வரைக்கும் ஜீப்பில் கொண்டுபோய், அங்கிருந்து தலைச்சுமையாக அத்திவளவுக்கு ஏற்றியிருந்தோம். ஊரில் தங்கியிருந்தவர்களின் மாடுகள் எல்லாம் வந்துவிட்டன. கரும்பு வெட்டக் கீழே இறங்கிப்போன இருபத்தாறு குடும்பங்களின் தொண்ணூற்றுச் சொச்சம் மாடுகளில் ஒன்றுகூட வரவில்லை. அவை அரை நாள் நடைத் தூரத்தில் காட்டுப்பட்டியில் கிடந்தன. பட்டி என்றால் காட்டுக்குள் முள்வேலி போட்டு மாடுகளை ராத்திரியில் அடைத்துவைக்கும் இடம். செவ்வந்தி மட்டும் வடக்கனந்தல் கரும்புக் கொல்லையிலிருந்து முதல் பஸ் பிடித்து, மாடில்லாமல் தான் மட்டும் வந்து சேர்ந்திருந்தாள்.

"போன வருஷம் கோமாரில ரெண்டு போச்சு சார். இருக்கறது நாலு, அதுல ஒண்ணு சினை. ரெண்டு மலை தள்ளி நோவு வந்துட்டுதுன்னு பேசிக்கிறாங்க. இதுவும் போச்சுன்னா நான் மேல ஏறி வர்றதுக்கே ஒண்ணும் இல்ல. வருஷம் பூரா கரும்பு வெட்டிக்கினே கெடக்க வேண்டியதுதான்."

சத்தமாகக் கேள்வி கேட்டவள் இதைச் சொல்லும்போது குரலை இறக்கிக்கொண்டாள். அதுதான் என்னை உறுத்தியது.

கால்நடை டாக்டர் அரங்கநாதன் கைக்கடிகாரத்தையும் ஐஸ் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வாரம் வியாழக்கிழமை இன்னொரு தடவை வரலாம், அன்றைக்கும் மாடு வராவிட்டால் மிச்ச மருந்து வேறு ஒன்றியத்துக்குப் போய்விடும், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க கம்ப்யூட்டர் பொண்ணக் கேளுங்க கண்ணாயிரம், இன்னா ஆச்சுன்னு" என்றார்.

கம்ப்யூட்டர் பெண் என்றால் நைனார்பாளையம் அம்சவள்ளி. சென்னை கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். முன்பெல்லாம் முகாமுக்கு முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு நானே ஊர் ஊராகக் கத்திக்கொண்டு போவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் வீட்டு வாசலில் கத்தினபோது வெளியே வந்து, "சார், உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன், இத்த நிறுத்துங்க. நான் ஒரு ப்ரோகிராம் எழுதித் தர்றேன், அது எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லும்" என்றாள். தூக்கம் கெட்ட எரிச்சலில் பிறந்த திட்டம் அது. ஆனால் சொன்னபடியே எழுதினாள், அவள் குரலையே பதிவு செய்து வைத்தாள். ஆறு மாதமாகத் தரை ஊர்களிலும் மலை ஊர்களிலும் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிசகினது இந்த இருபத்தாறு குடும்பத்துக்கு மட்டும்தான்.

அது ஏன் என்பதுதான் எனக்கு மண்டைக்குடைச்சல். எல்லாருக்கும் தப்பாகப் போயிருந்தால் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று விட்டிருப்பேன். அத்திவளவிலேயே தங்கியிருக்கிற ஆண்டாள் வீட்டுக்கு மூன்று நாள் முன்னாலேயே போன் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் செவ்வந்திக்கு முந்தின நாள் சாயந்திரம்தான் வந்திருக்கிறது. ஒரே ஊர், ஒரே முகாம், ஒரே குரல். அதெப்படி?

வெள்ளிக்கிழமை நைனார்பாளையம் போனேன். போகும்போது திட்டுவதற்கென்று நாலு வார்த்தை தயார் செய்துகொண்டுதான் போனேன். அவள் ஏற்கெனவே லேப்டாப்பைத் திறந்துவைத்து, கண் சிவக்க உட்கார்ந்திருந்தாள். திட்டு வாயிலேயே நின்றுவிட்டது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. அந்தப் பொட்டி இன்னா பண்ணுது உள்ள?"

அவள் என் பையிலிருந்த ஊசிப் படிவம் ஒன்றை எடுத்து, பின்பக்கம் படம் போட்டாள். மேலே ஒரு கட்டம், அதில் 'ஊர்'. கீழே இரண்டு கட்டம், 'தரை', 'மலை'. இரண்டிலிருந்தும் மேலே ஊருக்கு ஒவ்வொரு கோடு.

"இதெல்லாம் கிளாஸ் சார். ஒவ்வொரு வகை ஆளுக்கும் ஒரு பக்கம்னு வெச்சுக்கோங்க. அவங்களுக்கு எந்த வேலைய எப்படிச் செய்யணும்னு அந்தப் பக்கத்துல எழுதியிருக்கும். அப்படி எழுதினதுக்குப் பேரு மெத்தட். தரையும் மலையும் ஊரோட புள்ளைங்க. பொதுவா இருக்கறத அப்பன்கிட்டருந்து எடுத்துக்கும். தனியா இருக்கறத மட்டும் தன் பக்கத்துல எழுதி வெச்சுக்கும்."

"தனியா இன்னா இருக்குது?"

"எத்தனை நாள் முன்னாடி சொல்லணுங்கறது. தரைல மாடு வூட்டாண்டயே கட்டியிருக்கும், ஒரு நாள் போதும். மலைல காட்டுலருந்து ஓட்டியாரணும், மூணு நாள். அப்புறம் எத்தனை மணிக்குக் கூப்பிடறதுன்னு. தரைல சாயந்திரம் ஏழு மணி. மலைல பகல் பன்னண்டு, அப்பதான் சிக்னல் கிடைக்கற பாறைக்கு ஏறுவாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். ஞாபகம் இருந்தது.

"அப்ப கூப்புடுன்னு சொல்றது யாரு? தரையா, மலையா?"

"ரெண்டும் இல்ல சார். அது மேல ஊர் பக்கத்துல இருக்குது. 'எத்தனை நாள்னு கேளு, எத்தனை மணின்னு கேளு, கூப்பிடு.' அவ்ளோதான். யாரைக் கூப்பிடப் போறமோ, முதல்ல அவங்க பக்கத்துக்குத்தான் போய்க் கேக்கும். பதில் அங்க இருந்தா அத்த எடுத்துக்கும். இல்லன்னாதான் அப்பன் பக்கத்துக்குப் போவும். அங்கயும் இல்லன்னா அதுக்கும் மேல."

எனக்கு இது பிடித்துப் போனது. உத்தரவு மேலே இருக்கிறது, ஆனால் பதிலுக்குக் கீழேதான் வந்து கேட்கிறது. எங்கள் இலாகாவில் உத்தரவும் மேலேயிருந்து வரும், அதற்கான பதிலும் மேலேயிருந்தே டைப் அடித்து வரும், நாங்கள் கையெழுத்து மட்டும் போடுவோம். ஒரு மெஷினுக்கு இருக்கிற மரியாதை நமக்கு இல்லையே என்று சொன்னேன். அம்சவள்ளி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"சரி, செவ்வந்தி எந்தப் பக்கத்துல இருக்கறா?"

சிரிப்பு போய்விட்டது. தரைக்கும் மலைக்கும் கீழே, நடுவில், நான்காவதாக ஒரு கட்டம் போட்டாள். 'இறங்கியவர்கள்'. அதிலிருந்து இரண்டு கோடு, ஒன்று தரைக்கு, ஒன்று மலைக்கு.

"கரும்பு சீசன் ஆரம்பிச்சதும் இவங்க மத்தியானத்துல போன் எடுக்கலன்னு நீங்க சொன்னீங்க இல்ல? அப்ப இந்தக் கிளாஸ் போட்டேன். ஆளு தரைல, மாடு மலைல. அதனால ரெண்டு பேருக்கும் புள்ளைன்னு எழுதிட்டேன். காட்டுப்பட்டி எதுன்னு கேட்டா தரைப் பக்கத்துல பதிலே இல்ல, மலைப் பக்கத்துலருந்து எடுத்துக்குது. அது சரியாத்தான் வருது."

"இந்தக் கட்டத்துக்குள்ள இன்னா எழுதின?"

"ஒண்ணும் எழுதல சார். ரெண்டு பக்கம் இருக்குதே, அதுலருந்து எடுத்துக்கும்னு காலியா வுட்டுட்டேன்."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஒரே வீட்டில் கூடினால் என்ன நடக்கும் என்று தெரியும்.

"ஏம்மா, எத்தனை நாளுன்னு கேட்டா தரையும் பதில் வெச்சிருக்குது, மலையும் பதில் வெச்சிருக்குது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வாயத் தொறந்தா அது யாரை முதல்ல கேக்கும்?"

"முதல்ல யாரு பேர எழுதியிருக்கோமோ அவங்கள. அங்க பதில் கிடைச்சிட்டா அடுத்தவங்களக் கேக்கவே கேக்காது..."

பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரே வரிதான். இறங்கியவர்கள், பக்கத்தில் அடைப்புக்குறி, அதற்குள் தரை, மலை. தரைதான் முதலில் இருந்தது.

"தரைய ஏன் முதல்ல எழுதின?"

அவள் அப்பாவின் நிலத்திலேயே வருஷா வருஷம் மலையிலிருந்து ஆட்கள் வந்துதான் கரும்பு வெட்டுகிறார்கள். சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"தெரியல சார். யோசிச்சு எழுதல. கீழ வந்துட்டா நம்மள மாதிரிதானேன்னு நெனச்சிருப்பேன்."

எனக்குச் சொந்த ஊர் களமருதூர். நெல் விளைகிற ஊர், கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு மேடுகூடக் கிடையாது. நான் எழுதியிருந்தாலும் தரையைத்தான் முதலில் எழுதியிருப்பேன். அதனால் தயார் செய்து வைத்திருந்த நாலு வார்த்தையையும் அங்கேயே விழுங்கினேன்.

அம்சவள்ளி வரிசையை மாற்றினாள். மலை முன்னால், தரை பின்னால். ஓட்டிப் பார்த்தாள். வியாழக்கிழமை முகாமுக்குத் திங்கட்கிழமை போன் போகும் என்று காட்டியது. மூன்று நாள், சுளையாக. இரண்டு சொல் இடம் மாறியதில் தொண்ணூறு மாடு பிழைத்துவிட்டது என்று இருவருக்கும் ஒரே சந்தோஷம். அவள் அம்மா ஜெயம்மாள் கொண்டுவந்த காபியை இரண்டாவது தம்ளரும் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. எனக்கு அரை நாள்தான் வேலை. செவ்வந்தியிடம் பெருமையடித்துக்கொள்ளத்தான் வடக்கனந்தல் போனேன் என்பதை ஒளிப்பானேன். புதன்கிழமை நூறு பேர் நடுவில் கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்து மணி வெயிலில் கொல்லையில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கரும்புத் தோகை வேய்ந்த குடிசைகள் ஏழெட்டு இருந்தன. செவ்வந்தி கரும்பை அடியில் வெட்டி, தோகை கழித்து, நுனியை நறுக்கிக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வெட்டுக்கத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்புக்கு வந்தாள்.

"எல்லாம் சரி பண்ணியாச்சு. இந்தத் தடவ மூணு நாள் முன்னாடியே வரும் போனு. திங்கக்கெழம பன்னண்டு மணிக்கு" என்றேன்.

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்து வந்தது எதுவும் தெரியவில்லை. "மத்தியானம் போனு குடிசைல கெடக்கும் சார். ராத்திரிதான் பாப்போம்" என்றாள். பிறகு விரலை மடக்கினாள்.

"திங்கக்கெழம ராத்திரி பாத்தா, செவ்வாக்கெழமதான் கயிறு எடுக்கணும்."

"இன்னா கயிறு?"

அவள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, விரல் நீளத்துக்கு ஒரு கயிற்றுத் துண்டை எடுத்துக் காட்டினாள். மாட்டைக் கட்டுகிற தும்புக் கயிற்றிலிருந்து அறுத்தது, முனையில் ஒரு முடிச்சு போட்டிருந்தது. இருபத்தெட்டு வருஷம் அந்த மலையில் ஏறி இறங்கியவன், இதை நான் பார்த்ததே இல்லை. முகாமில் வந்து நிற்கிற மாட்டைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அது எப்படி வந்து நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

செவ்வந்தி சொன்னாள். கீழே இறங்கும்போது எல்லார் மாட்டையும் இருசப்பன் என்கிறவர் பட்டியில் விட்டுவிட்டு வருவார்கள். விடும்போது ஒவ்வொரு மாட்டுக்காரரும் தும்பில் ஒரு துண்டு அறுத்துத் தன்னோடு எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் இருசப்பனிடம் இருக்கும். அந்தத் துண்டு திரும்பிப் போய் அறுத்த இடத்தில் பொருந்தினால்தான் மாட்டைக் கொடுப்பார். வாய்ச்சொல் செல்லாது. போன் அங்கே எடுக்கவே எடுக்காது.

"அப்ப நீ உன் துண்ட எடுத்துக்கினு போயி உன் நாலு மாட்டயும் ஓட்டியாந்துட வேண்டியதுதானே?"

"ஒருத்தருக்காவப் பட்டி தொறக்கமாட்டாரு சார். ஒண்ணா மேஞ்சு பழகின மாடுங்க. நாலப் பிரிச்சா மிச்சமெல்லாம் பின்னாடியே கெளம்பி, காட்டுல செதறிப்பூடும். இருபத்தாறு துண்டும் ஒண்ணாப் போவணும். போனாத்தான் எல்லா மாடும் வரும். இல்லன்னா ஒண்ணும் வராது."

இருபத்தாறு குடும்பமும் ஒரே கொல்லையில் இல்லை. சுற்றுவட்டாரத்தில் எட்டுப் பத்து இடத்தில் சிதறிக் கிடந்தார்கள். அவள் மறுபடி விரலை மடக்கினாள். துண்டுகளைத் திரட்டிக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏற ஒரு நாள். அங்கிருந்து பட்டிக்கு நடக்க ஒரு நாள். பகலில் பள்ளம் பள்ளமாக மேய்கிற மாட்டை உப்புக் காட்டிக் கூப்பிட்டுச் சேர்க்க ஒரு நாள். சினை மாடு நடைக்கு மெதுவாக அத்திவளவுக்கு ஓட்டிவர ஒரு நாள். நான்கு விரல் மடங்கியிருந்தது.

"முந்தின ராத்திரியே சேதி வந்தாத்தான் விடிஞ்சதும் கெளம்ப முடியும். அஞ்சு நாள் சார். மேலயே இருக்கறவங்களுக்குத்தான் மூணு. எங்களுக்கு அஞ்சு."

நானும் விரலை மடக்கிப் பார்த்தேன். வியாழனிலிருந்து பின்னால் ஐந்து நாள் எண்ணினால் சனிக்கிழமை. இன்றைக்கு. இன்று ராத்திரிக்குள் இருபத்தாறு குடும்பத்துக்கும் சேதி போனால் உண்டு, இல்லாவிட்டால் திங்கட்கிழமை அம்சவள்ளியின் குரல் காலிக் குடிசையில் 'வணக்கம்' சொல்லிக்கொண்டிருக்கும். பெருமையடிக்க வந்திராவிட்டால் இது தெரிந்தே இருக்காது.

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அம்சவள்ளிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். செவ்வந்தி சொன்ன கணக்கை அவள் என்னை இரண்டு தடவை சொல்ல வைத்தாள். பிறகு, "சார், அந்த அக்காகிட்ட நானே பேசட்டுமா?" என்றாள்.

செவ்வந்தி போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "யம்மா, போன்ல பேசறது நீதானா? கொரலு தெரியுது" என்றாள்.

"நான்தான் அக்கா. ஒண்ணு கேக்கறேன். மூணு நாள்னு உங்ககிட்ட யாரும் கேட்டுட்டு எழுதல. நானா எழுதினேன். சாயந்திரம் எத்தனை மணிக்குக் கூப்பிட்டா எடுப்பீங்க?"

"வெளக்கு வெக்கற நேரத்துல. எல்லாரும் ஒல வெச்சுக்கினு குடிசையாண்டதான் இருப்போம்."

"ஏழு மணி சரியா?"

"சரி."

"கயிறு எடுத்துக்கினு மலைக்குப் போறது யாரு? அவங்களுக்கு மட்டும் வேற சேதி சொல்லணுமா?"

"இன்னாருன்னு இல்லம்மா. யாரு மொதல்ல கெளம்பறாங்களோ அவங்க. இந்தத் தடவ நான்தான் போவேன்."

கேள்வி நிற்கவில்லை. மழை பெய்தால் எத்தனை நாள், கன்று ஈன்ற மாடு இருந்தால் எத்தனை நாள், கயிறு தொலைந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனாள். செவ்வந்தியும் சளைக்காமல் பதில் சொன்னாள். தன் மாட்டைப் பற்றி ஒருவர் இவ்வளவு கேட்பது அவளுக்கும் புதுசு போலிருந்தது. நேரம் ஆகிறதே என்று நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அம்சவள்ளி என்னிடம் சொன்னாள். "சார், வரிசைய மாத்தினதே தப்பு. மலைய முன்னாடி போட்டா மணி தப்பாப் போவுது, தரைய முன்னாடி போட்டா நாள் தப்பாப் போவுது. எப்படித் திருப்பிப் போட்டாலும் அஞ்சு வராது. அந்த அஞ்சு ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. நேத்து மாத்தின வரிசையப் பழையபடி வெச்சுடறேன், மணி தரைகிட்டருந்து வரட்டும், பட்டி மலைகிட்டருந்து வரட்டும். நாள மட்டும் இவங்க பக்கத்துலயே எழுதிடறேன்."

"எத்தனை வரி ஆவும்?"

"ரெண்டு வரி சார்."

அப்போது மணி ஆறு இருபது. ப்ரோகிராம் ஒரு நாளைக்கு இரண்டு வேளைதான் கண் விழிக்கும், பகல் பன்னிரண்டுக்கும் சாயந்திரம் ஏழுக்கும். யாருக்குக் கூப்பிட வேண்டும் என்று அப்போதுதான் பார்க்கும். ஏழு தப்பினால் தப்பினதுதான்.

நான் கிளம்பவில்லை. குடிசை வாசலில் ஒரு கரும்புக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தேன். செவ்வந்தி அடுப்பு மூட்டி உலை வைத்தாள், போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஏழு ஆனது. ஒன்றும் வரவில்லை. என் கடிகாரம் ஒரு நிமிஷம் முந்திப் போகும் என்று எனக்கே தெரியும், இருந்தாலும் பதறியது.

போன் அடித்தது. செவ்வந்தியினுடையது அல்ல, கடைசிக் குடிசையில். அது முடிவதற்குள் அதற்கு அடுத்த குடிசையில். பிறகு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த குடிசையில். அப்புறம்தான் செவ்வந்தி கையில் அடித்தது. வணக்கம்ங்க, வர்ற வியாழக்கிழமை அத்திவளவுல கோமாரி ஊசி முகாம், இருசப்பன் பட்டி மாடுங்கள ஓட்டியாந்துடுங்க என்று அம்சவள்ளியின் குரல் ஒவ்வொரு குடிசையிலும் ஒரு நொடி முன்னப்பின்ன கேட்டது.

செவ்வந்தி உலையை இறக்கிவைத்துவிட்டு, "கயிறக் குடுங்க" என்று பக்கத்துக் குடிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் புளியமரத்தடியில் கழி நட்டு, மாட்டை நடுவில் நிறுத்துகிற கூண்டு தயார். டாக்டர் வந்துவிட்டார். ஐஸ் பெட்டி நிழலில் இருந்தது. மாடு மட்டும் இல்லை. பத்து மணிக்கு டாக்டர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். பத்தரைக்கு ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சிரிஞ்சுகளை எண்ணுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். செவ்வந்தியின் கணக்கில் சினை மாட்டுக்கு ஒரு அரை நாள் கூடப் பிடித்திருந்தால்? பள்ளத்தில் ஏதாவது மாடு சிக்கியிருந்தால்? ஐந்தும் தப்பாக இருந்தால்?

பதினோரு மணிக்கு மணிச்சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு பல. சரிவில் செம்மண் புழுதி கிளம்பியது. முன்னால் ஒரு கறுப்பு மாடு, அதன் பின்னால் எண்ண முடியாத அளவுக்கு மாடுகள். இருசப்பன் ஒரு பக்கம், செவ்வந்தி ஒரு பக்கம். அவள் முழங்கால் வரை மண், கையில் கயிற்றுத் துண்டுகளின் கொத்து. சினை மாடு எல்லாவற்றுக்கும் கடைசியாக, யாரையும் மதிக்காமல், தன் நடையில் வந்தது.

தொண்ணூற்று மூன்று மாடு. ஊசி போட்டு, காதில் மஞ்சள் வில்லை மாட்டி முடிக்க மூன்று மணி ஆயிற்று. செவ்வந்தியின் நான்குக்கும் நானே போட்டேன். கடைசி மாட்டை அவிழ்த்துவிட்டதும் அவள் மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு கேட்டாள்.

"சார், அந்தப் பொட்டி இந்தத் தடவ யாரக் கேட்டுச்சு? கரெக்டா அஞ்சுன்னு சொல்லிச்சே."

"உன்னத்தான்."

"முன்ன யாரக் கேட்டுச்சு?"

"முன்னயும் முதல்ல உன்னத்தான் கேட்டுச்சு. உன் பக்கத்துல நாங்க ஒண்ணும் எழுதாம காலியா வெச்சிருந்தோம். அதனால தரையப் போயி கேட்டுக்கினு வந்துச்சு."

அவள் இதை மெதுவாக யோசித்தாள். கயிற்றுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, யாருடையது யாருக்கு என்று அடுக்கிக்கொண்டே யோசித்தாள்.

"காலியா இருந்தா எங்களையே வந்து கேக்கறதுதானே சார். அடுத்தவங்கள எதுக்குக் கேக்குது?"

இறங்கும்போது வெள்ளிமலையில் சிக்னல் வந்ததும் அம்சவள்ளிக்குப் போன் செய்து, செவ்வந்தி கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். "சார், அது எனக்குத் தோணவே இல்ல" என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து, மாரியம்மன் கோயில் பக்கம் ஒரு எருமைக்கு வயிற்றுப்போக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். சாயந்திரம் ஏழு மணி. என் போன் அடித்தது. எடுத்தால் அம்சவள்ளியின் பதிவு செய்த குரல். ஊசிக்காரனுக்கே ஊசி முகாம் சேதியா என்று சிரித்துக்கொண்டே காது கொடுத்தேன்.

"வணக்கம்ங்க கண்ணாயிரம் சார். சீசன் முடிஞ்சு மலைக்குத் திரும்பி ஏறுறவங்களுக்குப் புதுசா ஒரு பக்கம் போட்டிருக்குது. அதுல எத்தனை நாள்னு எழுதல. காலியா இருந்தா யாரையும் கேட்டு எடுத்துக்கக் கூடாதுன்னு மாத்தியாச்சு. பதில் வர்ற வரைக்கும் இது ஓடாது. தயவு செஞ்சு நேர்ல போய் அவங்களக் கேட்டுக்கினு வாங்க."

மெஷின் எனக்கு வேலை சொல்கிற காலமும் வந்துவிட்டது என்று எருமைக்காரரிடம் அலுத்துக்கொண்டேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, வடக்கனந்தலுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடமே கேட்டேன்.